பெரிய எஞ்சினை நம்பிய பென்ட்லி

ஒரு காரின் ஆற்றலைக் கூட்டுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இருக்கும் எஞ்சினை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்துவது. மற்றொன்று, இருக்கும் எஞ்சினுக்குள்ளேயே கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்துவது. கார்களைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்போர் இன்றும் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாதிடுகின்றனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தில் இதே கேள்வி ஒரு புகழ்பெற்ற கார் நிறுவனத்தை இரு தரப்பாகப் பிரித்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் வால்ட்டர் ஓவன் பென்ட்லி. நண்பர்களும் ஊழியர்களும் அவரை ‘டபிள்யூ. ஓ.’ என்றே அழைத்தனர்.

இரயில் பட்டறையில் தொடங்கிய பயணம்

பென்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. சிறு வயது முதலே நீராவி இரயில் எஞ்சின்கள் அவரைக் கவர்ந்தன. பதினாறு வயதில் பள்ளியை விட்டு விலகி, டான்காஸ்டர் நகரிலிருந்த பெரிய இரயில் பட்டறையில் தொழிற்பயிற்சி மாணவராகச் சேர்ந்தார்.

ஐந்து ஆண்டுகள் நீடித்த அந்தப் பயிற்சி எளிதானதன்று. உலோகத்தை உருக்கி வார்ப்பது, கடைவது, பொருத்துவது என எல்லா வேலைகளையும் அவர் கையாலேயே செய்து பழகினார். பயிற்சியின் ஒரு பகுதியாக, ஓடும் இரயிலில் கரி அள்ளிப் போடும் பணியையும் செய்தார். இலண்டனிலிருந்து லீட்ஸ் வரை சென்று திரும்பும் ஒரே நாளில், ஏறக்குறைய 640 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஏழு டன் கரியை அவர் அள்ளிப் போட்டதுண்டு.

அந்த இரயில் எஞ்சின்கள் பெரியவை. அவை நிதானமாகச் சுழன்றன. ஆனால், களைப்பின்றி மணிக்கணக்கில் ஓடின. ஓர் எஞ்சின் தன் முழு வலிமையையும் வெளிப்படுத்தித் திணறக்கூடாது. எப்போதும் கொஞ்சம் வலிமையைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றிலும் தென்படுகிறது.

இரயில் துறையில் முன்னேற்றம் மெதுவாகவே கிடைக்கும் என்பதை உணர்ந்த பென்ட்லி, 1910-இல் அங்கிருந்து வெளியேறினார். இதற்கிடையே மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் அவர் கலந்துகொண்டார். பிறகு, இலண்டனில் வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்த கார்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டார்.

மேசைமேல் கிடந்த அலுமினியம்

1912-இல் பென்ட்லி தம் அண்ணனுடன் சேர்ந்து, ‘டி.எஃப்.பி.’ என்னும் பிரெஞ்சு நாட்டுக் கார்களை இலண்டனில் விற்கத் தொடங்கினார். அக்கார்கள் நம்பகமானவை, ஆனால், வேகம் போதவில்லை. விற்பனையைப் பெருக்க வேண்டுமானால் பந்தயத்தில் வென்று காட்டுவதே சிறந்த விளம்பரம் என்று அவர் கருதினார்.

1913-இல் அவர் பிரான்சிலிருந்த அந்தக் கார்த் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார். அங்கே தாள்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய அலுமினியப் பொருள் அவர் கண்ணில் பட்டது. அக்காலத்தில் எஞ்சின் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ செய்யப்பட்டன. பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழுமாக ஓயாது ஓடும் உறுப்பு. அது கனமாக இருந்தால் எஞ்சின் வேகமாகச் சுழல முடியாது. அலுமினியமோ எடை குறைந்தது. வெப்பத்தையும் விரைவாக வெளியே கடத்தும். ஆனால், அது எளிதில் உருகிவிடும், உடைந்துவிடும் என்று பலர் அஞ்சினர்.

பென்ட்லி அந்த அச்சத்தைச் சோதனையால் வெல்ல முனைந்தார். அலுமினியத்துடன் 12 விழுக்காடு செம்பு சேர்த்த கலவையால் பிஸ்டன்கள் செய்யப்பட்டன. அவற்றைப் பொருத்திய கார், புருக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் புதிய சாதனைகளைப் படைத்தது. காரின் வேகத்துக்கான காரணத்தை அவர் வெளியே சொல்லாமல் காத்துவந்தார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. வணிக இரகசியத்தைவிட நாட்டின் தேவையே பெரிது என்று எண்ணிய பென்ட்லி, தம் கண்டுபிடிப்பைக் கடற்படையிடம் எடுத்துரைத்தார். கடற்படையின் வான்பிரிவு அவரை அதிகாரியாக ஏற்றுக்கொண்டு, விமான எஞ்சின் செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பியது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்துக்கும் அவர் இந்நுட்பத்தை விளக்கினார்.

அப்போது போர் விமானங்களில் பயன்பட்ட கிளெர்ஜே எஞ்சின்கள் அடிக்கடி அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதடைந்தன. எஞ்சின் நின்றுவிட்டால் விமானியின் உயிருக்கே ஆபத்து. பென்ட்லி அதற்கு மாற்றாகப் புதிய எஞ்சினை வடிவமைத்தார். அதன் சிலிண்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. பிஸ்டன் உராயும் உட்புறத்தில் மட்டும் வார்ப்பிரும்பு உறை பொருத்தப்பட்டது. வெப்பத்தைக் கடத்த அலுமினியம், தேய்மானத்தைத் தாங்க இரும்பு என இரண்டு உலோகங்களின் நற்பண்புகளும் அதில் இணைந்தன. இன்றைய அலுமினிய எஞ்சின்கள் பலவற்றிலும் இத்தகைய இரும்பு உறைகளைக் காணலாம். ‘பி.ஆர். 1’ என்ற அந்த எஞ்சின் சோப்வித் கேமல் விமானங்களில் பொருத்தப்பட்டது. போருக்குப் பின் அரசு அவருக்கு 8,000 பவுண்டு பரிசு வழங்கியது.

முதல் பென்ட்லி கார்

1919-ஆம் ஆண்டு பென்ட்லியின் வாழ்வில் துயரமும் நம்பிக்கையும் ஒன்றாகக் கலந்த ஆண்டு. உலகெங்கும் பரவிய கொடிய காய்ச்சலுக்கு அவர் மனைவி பலியானார். அதே ஆண்டில் அவர் தம் பெயரிலேயே கார் நிறுவனத்தைத் தொடங்கினார். இலண்டனின் ஒரு சிறிய சந்திலிருந்த பட்டறையில், அவருடைய முதல் கார் எஞ்சின் அவ்வாண்டு அக்டோபரில் உயிர் பெற்றது.

அந்த எஞ்சினின் அடிப்படை அதன் வார்ப்பிரும்புப் பிளாக்தான். எஞ்சின் பிளாக் என்பது சிலிண்டர்களைத் தாங்கி நிற்கும் பெரிய உலோக வார்ப்பு. வெடிப்பின் அழுத்தம், வெப்பம், அதிர்வு ஆகிய மூன்றையும் அது தாங்க வேண்டும். பிளாக் வலுவற்றதாக இருந்தால், அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த உறுப்புகளைப் பொருத்தினாலும் பயனில்லை.

அக்காலத்தில் பிளாக்கும் அதன் மேல்மூடியும் சேரும் இடத்தில் அடிக்கடி கசிவு ஏற்பட்டது. எனவே, பென்ட்லி இரண்டையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். இணைப்பே இல்லாததால் கசிவுக்கும் இடமில்லை. ஆனால், இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வால்வுகளைச் செப்பனிட வேண்டுமானால் மூடியை மட்டும் கழற்ற முடியாது. முழு பிளாக்கையுமே தூக்கி எடுக்க வேண்டும். பராமரிப்பு கடினமானாலும் உறுதியே முதன்மை என்று அவர் முடிவெடுத்தார்.

மூன்று லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்தக் கார், 1921-இல் வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. 1924-இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில் அது வெற்றி பெற்றது. ஒரு பகலும் ஓர் இரவும் ஓய்வின்றி ஓட வேண்டிய அப்பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. தாக்குப்பிடிக்கும் திறனும் வேண்டும். பென்ட்லியின் எஞ்சினுக்கு அந்தத் திறன் இருந்தது.

ஆறு சிலிண்டர்கள்

பெரிய, வசதியான கார்களை வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினர். பென்ட்லி ஆறு சிலிண்டர்கள் கொண்ட நாலேகால் லிட்டர் எஞ்சினைச் சோதித்துப் பார்த்தார். 1924-இல் பிரான்சில் அதை ஓட்டிச் சென்றபோது, அங்கே சோதனையில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் புதிய கார் ஒன்று எதிர்ப்பட்டது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு, சாலையிலேயே போட்டியிட்டனர். இரண்டு கார்களுக்கும் இடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

பென்ட்லிக்கு அது போதவில்லை. திரும்பி வந்ததும் சிலிண்டர்களை அகலப்படுத்தி, எஞ்சினை ஆறரை லிட்டராகப் பெரிதாக்கினார். பிறகு, அதே அளவுள்ள நான்கு சிலிண்டர்களைக் கொண்டு நாலரை லிட்டர் எஞ்சின் உருவானது. இரண்டிலும் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 100 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 140 மில்லிமீட்டர்.

கார்கள் சிறப்பாக இருந்தாலும் நிறுவனத்தில் எப்போதும் பணத் தட்டுப்பாடு நிலவியது. 1926-இல் உல்ஃப் பர்னாட்டோ என்ற செல்வந்தர் பெருந்தொகையை முதலீடு செய்து, நிறுவனத்தின் தலைவரானார். அவர் திறமையான பந்தய ஓட்டுநரும்கூட. நிறுவனம் பிழைத்தது. ஆனால், அதன் பிறகு இறுதி முடிவெடுக்கும் உரிமை பென்ட்லியிடம் இல்லை. அதன் விளைவை அவர் விரைவிலேயே சந்திக்க நேர்ந்தது.

துருத்தியா, பெரிய உலையா?

பென்ட்லி கார்களை ஓட்டிய வீரர்களுள் சர் ஹென்றி பிர்கின் துணிச்சலுக்குப் பெயர் பெற்றவர். எல்லாரும் அவரை ‘டிம்’ என்று அழைத்தனர். போட்டி நிறுவனங்கள், குறிப்பாக ஜெர்மனியின் மெர்சிடிஸ், தங்கள் கார்களில் சூப்பர்சார்ஜரைப் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டி வந்தன. நாலரை லிட்டர் காரிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று பிர்கின் வற்புறுத்தினார்.

சூப்பர்சார்ஜர் என்பது கொல்லன் உலையிலுள்ள துருத்தியைப் போன்றது. துருத்தி ஊதும்போது நெருப்பு வீறுகொண்டு எரிகிறது. அதைப்போலவே, சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. கூடுதல் காற்றுடன் கூடுதல் எரிபொருளும் சேர்ந்து எரிவதால், அதே அளவு எஞ்சின் அதிக ஆற்றலைத் தருகிறது. ஆனால், துருத்தியை ஊதுவதற்கும் உழைப்பு வேண்டுமல்லவா? சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கும் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. மேலும், பிளாக், பிஸ்டன், வால்வு ஆகியவை கூடுதல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது.

பென்ட்லி இந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதத்தை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஆறரை லிட்டர் எஞ்சினைக் கொண்ட ‘ஸ்பீட் சிக்ஸ்’ கார் ஏறத்தாழ 180 குதிரைத்திறனை வழங்கியது. அதை ஆறு சிலிண்டர்கள் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் 30 குதிரைத்திறன். நாலரை லிட்டர் எஞ்சின் இயல்பாக 110 குதிரைத்திறன் தரும். சூப்பர்சார்ஜர் பொருத்தினால், சாலைக் காரில் அது 175-ஆக உயரும். அதை நான்கு சிலிண்டர்களே சுமக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 44 குதிரைத்திறன். பந்தயத்துக்காக 240 குதிரைத்திறனாக உயர்த்தினால், ஒவ்வொரு சிலிண்டரின் சுமையும் 60 ஆகிவிடும். இரண்டு எஞ்சின்களிலும் சிலிண்டரின் அளவு ஒன்றே. அப்படியிருக்க, இருவர் சுமக்கும் மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றுவது போன்ற அந்த முயற்சி நீண்ட பந்தயத்தில் நிலைக்காது என்று அவர் நம்பினார்.

பிர்கின் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நீளமானது, கனமானது. ஏற்கெனவே உள்ள சிறிய எஞ்சினிலிருந்தே அதற்கு ஈடான ஆற்றலைப் பெற முடியுமானால், ஏன் முயன்று பார்க்கக்கூடாது என்பது அவர் கேள்வி. டோரதி பேஜெட் என்ற செல்வச் சீமாட்டி அவருக்குப் பண உதவி செய்தார். அம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். பர்னாட்டோவும் இசைவளித்தார். லெ மான்ஸ் பந்தயத்தில் கலந்துகொள்ள, அதே வகைக் கார்கள் ஐம்பதைப் பொதுமக்களுக்காகச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே, நிறுவனம் ஐம்பது சூப்பர்சார்ஜர் கார்களைத் தயாரிக்க முன்வந்தது. தம் பெயரைத் தாங்கிய காரையே பென்ட்லியால் தடுக்க முடியவில்லை.

எனினும், சூப்பர்சார்ஜருக்காகத் தம் எஞ்சினின் அமைப்பை மாற்றுவதற்கு அவர் இணங்கவில்லை. அதனால், அந்தக் கனமான கருவி காரின் முன்முனையில், ரேடியேட்டருக்கும் முன்னால் பொருத்தப்பட்டது. கிராங்க் தண்டின் முனை அதை நேரடியாகச் சுழற்றியது. கூடுதல் சுமையைத் தாங்குவதற்காகக் கிராங்க் தண்டு, பிஸ்டன், மசகெண்ணெய் செல்லும் அமைப்பு ஆகியவை தனியாகச் செய்யப்பட்டன. முன்பகுதியின் எடை கூடியதால் காரை வளைவுகளில் திருப்புவது கடினமானது. முழு வேகத்தில் ஓடும்போது பந்தயக் கார் நிமிடத்துக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோலைக் குடித்தது. இந்தக் கார்களே பின்னர் ‘புளோவர் பென்ட்லி’ என்று பெயர் பெற்றன.

1930: லெ மான்ஸ் தந்த விடை

1929-இல் ஸ்பீட் சிக்ஸ் கார் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்றது. பென்ட்லி கார்கள் முதல் நான்கு இடங்களையும் கைப்பற்றின. முதலிடம் பெற்ற காரை ஓட்டியவர்கள் பர்னாட்டோவும் பிர்கினும்தான். சூப்பர்சார்ஜர் காருக்காகப் போராடிய பிர்கினே, பென்ட்லி நம்பிய பெரிய எஞ்சினைக் கொண்டு வென்றார்!

அடுத்த ஆண்டு இரண்டு வகைக் கார்களும் ஒரே களத்தில் இறங்கின. அவற்றை எதிர்த்து, ஏழு லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் கொண்ட மெர்சிடிஸ் காரில் ருடால்ஃப் கரட்சியோலா வந்தார். பந்தயம் தொடங்கியதும் பிர்கின் தம் புளோவர் காரில் மெர்சிடிஸை விரட்டிச் சென்றார். சாலையோரப் புல்தரையில் சக்கரங்கள் இறங்க, கரட்சியோலாவை அவர் முந்திய காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால், அவருடைய டயர் அந்த வேகத்தைத் தாங்காமல் கிழிந்தது. இரவில் மெர்சிடிஸ் மின்சாரக் கோளாறால் விலகியது. களமிறங்கிய இரண்டு புளோவர் கார்களும் எஞ்சின் பழுதால் பந்தயத்தை முடிக்கவில்லை. நிதானமாக ஓடிய ஸ்பீட் சிக்ஸ் கார்களே முதல் இரண்டு இடங்களையும் பெற்றன.

புளோவர் கார் பயனற்றது என்று இதனால் முடிவு செய்துவிட முடியாது. அதே ஆண்டு போ நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், எடை குறைந்த பந்தயக் கார்களுக்கு நடுவே பிர்கின் இரண்டாமிடம் பெற்றார். 1932-இல் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய புளோவர் காரில், புருக்லண்ட்ஸ் தடத்தில் மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார். குறுகிய தொலைவில் அந்தக் காருக்கு இணை குறைவு. நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதில்தான் அது தோற்றது.

இழப்பும் மீட்சியும்

வெற்றி நீடிக்கவில்லை. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் விலையுயர்ந்த கார்களை வாங்குவோர் குறைந்தனர். 1930-இல் பென்ட்லி எட்டு லிட்டர் எஞ்சின் கொண்ட மாபெரும் காரை உருவாக்கினார். அவர் படைப்புகளில் அதுவே உச்சம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால், நூறு கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. 1931-இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. போட்டி நிறுவனமான ரோல்ஸ்-ராய்ஸ் அதை விலைக்கு வாங்கியது. பென்ட்லியின் பெயரும் அந்த விற்பனையோடு கைமாறியது. சில ஆண்டுகள் அவர் ரோல்ஸ்-ராய்ஸில் ஊழியராகப் பணியாற்றினார். ஆனால், புதிய எஞ்சினை வடிவமைக்கும் வாய்ப்பு அங்கே அவருக்குக் கிட்டவில்லை.

1935-இல் அவர் லகொண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட நாலரை லிட்டர் எஞ்சினைப் படைத்தார். சூப்பர்சார்ஜர் இல்லாத அந்தக் கார்கள் 1939 லெ மான்ஸ் பந்தயத்தில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அவருடைய மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர் எஞ்சின், ஆஸ்டன் மார்ட்டின் கார்களின் புகழுக்கு அடித்தளமிட்டது. பெரிய எஞ்சின்களை மட்டுமே செய்யத் தெரிந்தவர் என்று தம்மைப் பற்றி நினைத்தவர்களுக்கு இதுவே அவர் அளித்த பதில்.

பென்ட்லி 1971-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில் காலமானார். அவர் விரும்பாத புளோவர் கார்தான் இன்று பென்ட்லி என்றதும் பலர் நினைவுக்கு வருகிறது. பிர்கின் சாதனை படைத்த அந்த ஒற்றை இருக்கைக் கார், 2012-இல் ஐம்பது இலட்சம் பவுண்டுக்கும் மேலான விலைக்கு ஏலம் போனது.

பிர்கினின் துணிவும் பென்ட்லியின் நிதானமும் மோட்டார் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர் இன்றும் இருவரிடமும் பாடம் கற்கலாம். எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது முதல் கேள்வி. அந்த ஆற்றலை எஞ்சின் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. இரயில் பட்டறையில் கரி அள்ளிய காலம் முதல் பென்ட்லி மறவாமல் கேட்டுவந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.